உன் ஜீப்புக்குக் கொளுக்கி போட்டோம்

என் அன்ரன், என் ஒரே தம்பிக்கு,

"அவருக்குத் தெரிஞ்சிருக்குமோ, மச்சாள்?" என்று உன் றீற்றா என்னிடம் கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை; தெரியாது என்றே சொன்னேன். நீ பக்கத்தில் நின்றிருந்தால், "அக்காவுக்குத் தெரியாத ஒண்டும் உலகத்தில இருக்கோ?" என்று நக்கலடித்திருப்பாய். இருக்கிறது, தம்பி. போன வருடம் நீ ஜீப்புக்கு அடியில் மல்லாந்து கிடந்து தார் பூசினாயே, அப்போது உனக்கு என்ன தெரிந்திருந்தது? இவ்வளவு யோசித்தும் எனக்குப் பிடிபடவில்லை.

உன் முதலாம் ஆண்டு நினைவுத் திருப்பலிக்கு அட்டை அடிக்கிறார்கள். அதில் போட நாலு வரி எழுதித் தரும்படி றீற்றா கேட்டாள். கடையில் காட்டிய மாதிரி அட்டைகளைப் பார்த்தேன். எல்லோரும் குலவிளக்குகள், எல்லோரும் பாசத்தின் சிகரங்கள். உனக்கு அது பொருந்தாது, எனக்கு எழுதவும் வராது. கடிதமென்றால் எழுதுவேன் என்றேன். பங்குத்தந்தையும் நீளமானாலும் பங்கு மலரில் போடலாம் என்றார். ஆகவே பேசாலை ஊரே இதை வாசிக்கப்போகிறது. வாசிக்கட்டும். நான் உன்னோடுதான் கதைக்கிறேன்.

முதலில் செய்திகள். உன் கைபேசி இன்னும் வேலை செய்கிறது. காற்று எச்சரிக்கைச் செய்தி அந்த இலக்கத்துக்குத்தான் வருகிறது என்று றீற்றா அதற்குக் காசு போட்டு உயிரோடு வைத்திருக்கிறாள். உன் வெள்ளைப் பூனை இரண்டு தடவை குட்டி போட்டுவிட்டது. படகில் இப்போது உன் பழைய பங்காளிகள் இருவரும்தான் போகிறார்கள், மீன்பாடு பரவாயில்லை. ஐஸ் பெட்டிகளை ஜீப்பில் ஏற்றி, மீனை மன்னார்ச் சந்தைக்குக் கொண்டுபோவது றீற்றா. நீ அவளுக்கு வாகனம் ஓட்டப் பழக்கியபோது ஊர் என்ன சொன்னது என்று நினைவிருக்கிறதா? இப்போது அதே ஊர், "றீற்றா, போற வழியில என்னை இறக்கிவிடு" என்கிறது.

போன வருடம் நடந்ததை உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். உன் முப்பத்தோராம் நாள் நினைவு முடிந்த கையோடு, வடக்கிலிருந்து அடிக்கும் வாடைக்காற்று தொடங்கியது. வடகரையில் நின்ற படகுகளையெல்லாம் வழக்கம்போலத் தென்கரைக்கு மாற்றினார்கள். கரைவிட்டுக் கரைக்குப் படகு இழுக்கச் சூசை அண்ணையின் உழவு இயந்திரம் ஒன்றுதான். அவர் முதலில் தன் தம்பிமாரின் படகுகளை இழுத்தார், பிறகு மைத்துனர்களின் படகுகளை, பிறகு பெரிய முதலாளியான சம்மாட்டியின் படகுகளை. அதில் பிழை சொல்ல ஒன்றுமில்லை. நீ இருந்தபோது, உன் சிநேகத்துக்காக நம்முடையது முதல் வரிசையில் போனதும் அதே முறையால்தான்.

நம்முடைய படகு கடைசியாக நின்றது. முறை வருவதற்கு முன் ஒரு பின்னேரம் கடல் ஏறி, அதைத் தூக்கிப் பக்கத்துக் கற்களில் அடித்துவிட்டது. அடிப்பக்கம் பிளந்தது. ஒட்டி எடுக்கும் வரைக்கும் தொழில் இல்லை. சூசை அண்ணை படலையில் வந்து நின்று, "பிள்ளை, நான் வேணுமெண்டு செய்யேல்ல" என்று அழாத குறையாகச் சொன்னார். றீற்றா அவருக்குத் தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டு என்னிடம் சொன்னாள்: "வாற வருசம் நான் ஒருத்தரையும் பாத்துக்கொண்டு நிக்கமாட்டன், மச்சாள். அவர் செய்த வண்டில் வீட்டுக் கோடிக்க கிடக்கு. ஜீப்புக்கு ஒரு கொளுக்கி போட்டா நானே இழுப்பன்."

படகு ஏற்ற நீ ஒட்டிச் செய்த அந்த இரட்டைச் சில்லு வண்டில் அப்படியே இருந்தது. ஜீப்பின் பின்பக்கம் அதைக் கொழுவ ஒரு கொளுக்கி மட்டும் இல்லை. "அடுத்த கிழமை போடுவம்" என்று நீ எத்தனை கிழமைகள் சொன்னாய்? இந்த வருடம் வாடை தொடங்குமுன் அதைப் போட்டுவிட வேண்டும் என்று றீற்றா நின்றாள். வீட்டில் படித்தவள் நான்தானாம்; கராஜ்காரன் ஏமாற்றாமல் பார்க்க நான் போக வேண்டுமாம். அதனால் ஒரு பள்ளி விடுமுறை நாளில் உன் ஜீப்போடு கணேசனின் கராஜுக்குப் போனேன்.

கணேசனை உனக்குத் தெரியாது. இலுப்பைக்கடவை ஆள், வயல்காரக் குடும்பம். உழவு இயந்திரங்களுக்குப் பெட்டி பூட்டும் வேலையில் தொடங்கி, இப்போது மன்னார்ப் பாலத்துக்கு இந்தப் பக்கம் சொந்தமாகக் கராஜ் வைத்திருக்கிறான். ஜீப்பை உயர்த்தி, விளக்கைப் பிடித்துக் குனிந்து பார்த்தான்.

"மாப்பிளை மாதிரி இருக்கு, டீச்சர். பின்பக்கச் சட்டத்தில நாலு போல்ட். பின்னேரம் வந்து எடுத்துக்கொண்டு போங்கோ."

"தாரை உரிச்சுப் பாக்கேல்லையே?"

"ஏன் உரிப்பான்? வடிவாப் பூசிக் கிடக்கு."

"அதுதான் எனக்கு யோசினை" என்றேன்.

உனக்கு என் குணம் தெரியும். யாராவது நன்றாக இருக்கிறது என்றால் எனக்கு அங்கே ஒருமுறை தட்டிப் பார்க்க வேண்டும். கணேசனின் சிறிய சுத்தியலை வாங்கி முன்பக்கத்திலிருந்து தட்டிக்கொண்டு வந்தேன். முன்சில்லு, நடு, பின்சில்லு வரைக்கும் இரும்பு கிண்ணென்று சொன்னது. பின்சில்லுக்குப் பின்னால், கொளுக்கி பூட்ட வேண்டிய இடத்தில், நனைந்த மரத்தைத் தட்டியதுபோல ஒரு சத்தம். கணேசன் விசிலடிப்பதை நிறுத்திவிட்டுத் தானும் தட்டிப் பார்த்தான். பிறகு ஒரு கத்தியை எடுத்துத் தாரைச் சுரண்டத் தொடங்கினான்.

சட்டத்தின் அடியில், தாருக்குக் கீழே, வட்டமாக ஏதோ பிதுங்கிக்கொண்டு இருந்தது. துணித் திரி. தாரில் தோய்த்து இறுக்கிச் செருகிய துணித் திரி. "இதென்ன, மூக்குக்குப் பஞ்சு வைச்ச மாதிரி" என்ற கணேசன், யாருடைய ஜீப் என்பது நினைவுக்கு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டான். எனக்குச் சிரிப்பு வந்தது. நீயும் சிரித்திருப்பாய் என்பதால்தான் அவனுக்கு முன்னால் அடக்காமல் சிரித்தேன்.

குறட்டால் பிடித்து அதை இழுத்தான். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு சேற்று நிறத்தில் தண்ணீர் கொட்டியது, தம்பி. தண்ணீரோடு மணல், மணலோடு துருச் செதில்கள், நகக்கண் அளவில் சிப்பிகள். இன்னொரு திரியைப் பிடுங்கினான், மறுபடியும் தண்ணீர். இரண்டு பக்கச் சட்டத்திலும் கீழே இருந்த ஒவ்வொரு துளையையும் நீ அடைத்திருந்தாய்.

அந்தத் துளைகள் தண்ணீர் வெளியே போவதற்காக வைத்தவை, அன்ரன். சட்டம் என்பது உள்ளே வெறுமையான நீளப் பெட்டி. மேலே எங்கேயாவது தண்ணீர் நுழையத்தான் செய்யும், கீழே வழிந்து போக வேண்டும்.

ஆனால் உனக்கு யார் அதைச் சொன்னார்கள்? நீ அப்பாவின் வள்ளத்தில் வளர்ந்தவன். பலகை இடுக்கில் பஞ்சுத் திரி செருகு, மேலே தாரை ஊற்று, ஊசி நுழையும் ஓட்டைகூட இருக்கக் கூடாது. ஜீப்பின் அடியில் துளைகளைக் கண்டதும் உன் கை தானாகவே துணியைத் தேடியிருக்கும். அதுவும் ஒவ்வொரு நாளும் பின்பக்கமாக ஜீப்பைக் கடலுக்குள் இறக்கிக் கயிறு கட்டிப் படகைக் கரைக்கு இழுத்தவன் நீ. கடல் உள்ளே வந்துவிடும் என்று பயந்தாயோ? கடல் ஏற்கெனவே உள்ளே வந்திருந்தது. நீ அதை உள்ளே வைத்துப் பூட்டினாய்.

"பேசாலை ஆக்களிட்ட ஒரு ஓட்டையைக் காட்டினா அடைக்காமல் விடமாட்டினம்" என்றான் கணேசன். "எங்கட பக்கம் எண்டா வரம்பில முதல் வெட்டுறதே தண்ணி வெளியில போற வாய்தான்."

"நீங்கள் கடலில ஒருக்கா வரம்பு கட்டிப் பாருங்கோ, தம்பி" என்றேன். உனக்காக அதையாவது சொல்ல வேண்டியிருந்தது.

மலைநாட்டில் ஓடிய ஜீப் என்று இதை வாங்கி வந்த நாளில் நீ எவ்வளவு பெருமைப்பட்டாய்! "உப்புக் காத்தே படாத சாமான், அக்கா. குமர்ப் பிள்ளை மாதிரி." அடுத்த கிழமை அதைத் தண்ணீருக்குள் இறக்கினாய். நான் வருடாவருடம் பிள்ளைகளுக்குச் சோதனைக் குழாய்களில் ஆணிகளைப் போட்டுக் காட்டுகிறவள். ஒன்றில் உலர்ந்த காற்று, ஒன்றில் கொதித்தாறிய தண்ணீர், ஒன்றில் உப்புத் தண்ணீர். எதில் துரு முதலில் வரும் என்று கடற்கரைப் பிள்ளைகளிடம் கேட்கவே வேண்டாம். குழாயைப் பார்க்காமலே சொல்வார்கள். உனக்கும் தெரியும். தெரிந்தும் தார் போதும் என்று நினைத்தாய்.

இதுவரைக்கும் எனக்கு உன்மேல் கோபமில்லை. துளைகளை அடைத்தது தெரியாமல் செய்தது. வலப்பக்கச் சட்டத்தின் நுனிக்கு வந்தபோதுதான் கணேசனின் கத்தி ஒரு நேரான விளிம்பில் தட்டுப்பட்டது. தாருக்குக் கீழே ஒரு தகரத் துண்டு, சதுரமாக வெட்டி, ஓரங்களை மடித்து, கவனமாக ஒட்டியிருந்தது. அதை நெம்பி எடுத்தான். பின்பக்கத்தில் சிவப்பு ரோசாப்பூக்கள் அச்சடித்திருந்தன, பிஸ்கட் ரின். அது மூடியிருந்த இடத்தில் சட்டமே இல்லை. என் கை உள்ளே போனது.

கையில் ஒட்டிய துருவைத் தட்டிவிட்டுத் தகரத்தை வாங்கினேன். துளை அடைத்தவனுக்கு உள்ளே உக்கியது தெரியாமல் இருந்திருக்கலாம். தகரம் வைத்தவன் இந்தப் பொத்தலைப் பார்த்தவன்.

"டீச்சர், இதை அந்த அக்காவுக்குச் சொல்லவேணுமோ?" என்று கணேசன் மெல்லக் கேட்டான். "நான் இந்தத் துண்டை வெட்டி எறிஞ்சுபோட்டுப் புதுசு வைச்சா ஆருக்குத் தெரியப்போகுது?"

அவன் நல்லெண்ணத்தில்தான் சொன்னான். ஆனாலும் இந்த வாகனத்தை ஒவ்வொரு நாளும் ஓட்டுபவள் றீற்றா. அவளுக்குத் தெரியாமல் அதன் அடியில் இன்னொரு தடவை எதையாவது மூடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. தகரத்தைக் கைக்குட்டையில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு பேசாலை பஸ் ஏறினேன்.

றீற்றா வீட்டின் பின்பக்கக் கோடியில் இருந்து கருவாட்டுக்கு மீன் கீறிக்கொண்டிருந்தாள். தகரத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"இது என்ர ரின் எல்லோ! நத்தார்ப் பண்டிகைக்கு வாங்கினது. நான் நூல்கட்டை போட்டு வைச்சிருந்தன். வெட்டிப்போட்டார் எண்டு பேசினனான். ஜீப்புக்குக் கீழ குளவி கூடு கட்டுது, அடைக்கப்போறன் எண்டவர்."

நான் கண்டதைச் சொன்னேன். கூட்டாமல், குறைக்காமல். சட்டத்தின் பின்னுனி கையால் நொறுங்குவதையும் சொன்னேன். அவள் கத்தியைக் கழுவி வைத்தாள். கைகளைக் கழுவினாள். அப்போதுதான் கேட்டாள்.

"அவருக்குத் தெரிஞ்சிருக்குமோ, மச்சாள்?"

"தெரியாது, றீற்றா."

"தெரிஞ்சுகொண்டே என்னை இதில ஏத்தி ஓடவிட்டவரோ? விடியவிடிய ஐஸ் பெட்டியோட நான் ஓடுறன். பக்கத்து வீட்டுப் பிள்ளையளையும் ஏத்திக்கொண்டு ஓடியிருக்கிறன்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். "கொளுக்கியும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம். பழைய இரும்புக்காரனுக்குக் குடுத்துவிடுங்கோ" என்றாள். "போட்டைச் சூசை அண்ணை எப்ப இழுக்கிறாரோ இழுக்கட்டும்."

அந்தக் கிழமை முழுவதும் எனக்கு உன்மேல் கோபம். குளவி என்றாய். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படியில் இருந்த அன்றைக்கு, வாயு என்றாய். சோடா வாங்கித் தந்து அனுப்பினேன்; பிறகு அந்த நெஞ்சுதான் உன்னைக் கொண்டுபோனது. நீ சொன்னதெல்லாம் சின்னச் சின்னப் பொய்கள், அக்கம்பக்கம் சிரித்துவிட்டுப் போகிற பொய்கள். அவற்றில் ஒன்றையாவது நான் தட்டிப் பார்த்திருக்கலாமா? ஜீப்பின் விடயத்தில் மட்டும் நான் ஒன்றும் செய்யாமல் இருந்தேன். அவளுடைய வாகனம், அவளுடைய முடிவு. கணேசனிடம், பொறுத்திருங்கள் என்று மட்டும் சொன்னேன்.

ஞாயிறு பூசை முடிந்து சனம் கலைந்துகொண்டிருந்தது. றீற்றா வந்து கோவில் மதிலோரம் என் பக்கத்தில் நின்றாள். முக்காட்டை எடுக்கவில்லை.

"மச்சாள், திறப்பு" என்றாள்.

"என்ன திறப்பு, வீட்டுச் சாவியோ?"

"ஜீப்புத் திறப்பு. தார் பூசின நாளில இருந்து அவர் எனக்குத் திறப்புத் தரேல்ல. கிளச்சில பிழை, திருத்தவேணும் எண்டவர். நான் ஐஸ் பெட்டியை ஓட்டோவில ஏத்திக்கொண்டு போனனான். எனக்கு வந்த விசருக்கு, ஆம்பிளைக்குத்தான் ஜீப்போ எண்டு கேட்டுப்போட்டு, முகம் குடுத்துக் கதைக்கேல்ல. சாகும்வரைக்கும் அவர் அதைத் தரேல்ல, மச்சாள். ஆசுபத்திரியில அவற்ற சாமான் எண்டு ஒரு பையில போட்டுத் தந்தவையெல்லோ? சாரத்து மடியில முடிஞ்சபடி திறப்பு இருந்தது."

நான் அவளைப் பார்த்தேன்.

"நான் ஒரு வருசமா அதை ஓடுறன். கிளச்சில ஒரு பிழையும் இல்லை."

சுற்றிலும் மெழுகுதிரி வாங்குகிறவர்களும் சைக்கிள் எடுக்கிறவர்களும். அவள் முக்காட்டின் நுனியால் மூக்கைத் துடைத்தாள். "செய்யச் சொல்லுங்கோ" என்றாள். "வடிவாச் செய்யச் சொல்லுங்கோ."

நான் சந்தேகக்காரி, தம்பி. இதைக் கேட்ட பிறகும் என் மூளை சும்மா இருக்கவில்லை. கிளச் உண்மையாகவே ஒரு நாள் இறுகியிருக்கலாம், பிறகு தானாகச் சரியாகியிருக்கலாம். நீ ஜீப்பை வேறு வேலைக்கு வைத்திருந்திருக்கலாம். மடியில் முடிந்த ஒரு திறப்பு எதையும் நிரூபிக்காது. ஆனால் நீ அவளிடம் பொய் சொன்ன ஒவ்வொரு தடவையும் அவள்மேல் விழாமல் ஏதாவது ஒரு பாரத்தை நீதான் சுமந்துகொண்டு நின்றிருக்கிறாய் என்பதும் எனக்குத் தெரியும். பொத்தலை அவளிடம் சொல்வதற்கு வெட்கப்பட்டு, திறப்பை மட்டும் மறைத்துவைத்து, அடுத்த கிழமை திருத்துவம் என்று இருந்தாயா? அப்படி இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். விரும்புவதை உண்மை என்று எழுத என் கை வரவில்லை.

வேலையைச் சொல்கிறேன், நீ கேட்க ஆசைப்படுவாய். கணேசன் பின்சில்லுக்குப் பின்னால் இரண்டு பக்கச் சட்டத்தையும் உக்கிய மட்டும் வெட்டி எடுத்தான். எங்கே நல்ல இரும்பு தொடங்குகிறது என்று நான் தட்ட, அவன் சுண்ணக்கட்டியால் கோடு போட்டான். அந்தக் கோட்டிலிருந்து இன்னும் ஒரு சாண் உள்ளே தள்ளி வெட்டினான். தடித்த தகட்டில் புதிய நுனிகள் செய்து பழைய சட்டத்துக்குள் செருகி, வெளியேயும் தகடு வைத்து ஒட்டினான். போல்ட் இறுக்கும்போது சட்டம் நசுங்காதபடி உள்ளே சின்னக் குழாய்கள் வைத்தான்.

ஒட்டு வேலையோடு மல்லுக்கட்டியதைவிட உன் பழைய போல்ட்டுகளோடு மல்லுக்கட்டியதுதான் அதிகம். எண்ணெய் ஊற்றி ஊறவிட்டு, நெருப்புப் பிடித்து, கடைசியில் இரண்டு தலைகள் முறிந்தே போயின. "உங்கட தம்பி இதுகளை இறுக்கினவரோ, கலியாணம் கட்டிவைச்சவரோ?" என்றான் வியர்வை வழிய.

பிறகு கொளுக்கி. இரண்டு சட்டங்களுக்கும் குறுக்கே ஒரு தடித்த இரும்பு, அதன் நடுவில் வண்டிலின் வாய் வந்து பொருந்தும் உருண்டை, பக்கத்தில் கழன்றால் பிடிக்க ஒரு சங்கிலி. வேலை முடிந்து றீற்றா பார்க்க வந்தாள். குனிந்து, விளக்கைப் பிடித்து, உன்னைப் போலவே முதலில் அதைத்தான் கேட்டாள்: "ஓட்டையளை மூடேல்லையோ?"

"மூடினா இனி இந்த ஜீப்புக்கு நான் கை வைக்கமாட்டன், அக்கா" என்றான் கணேசன்.

அடைத்திருந்த திரிகளைக் காட்டினான். றீற்றா ஒன்றை எடுத்துத் தாரை நகத்தால் சுரண்டினாள். உள்ளே நீலக் கட்டம். "ஐயோ, இந்தச் சாரத்தைத் தேடாத இடமில்லை! கொடியில இருந்து காத்துக் கொண்டுபோட்டுது எண்டவர்!" என்று அவள் சிரித்தாள். நீ போன பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

நாளை வாடைக்கு முன் படகை இழுக்கிறோம். இந்தக் கடிதத்தை இப்போது முடித்தால் அழகாக முடியும். ஆனால் நாளை அந்தக் கொளுக்கி பிடிக்குமா, பிய்யுமா என்று எனக்குத் தெரியாது. அதைப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். காலையில் பங்காளிகள் படகை வண்டிலில் ஏற்றிக் கட்டினார்கள். றீற்றா ஓட்ட, நான் பக்கத்தில் இருந்தேன். கணேசன் கருவிப் பையோடு மோட்டார் சைக்கிளில் பின்னால் வந்தான். கேட்டதற்கு, தென்கரையைப் பார்க்க ஆசை என்றான். சூசை அண்ணை தன் உழவு இயந்திரத்தின் மேலிருந்து, "றீற்றா, கவனம்! போட் ஜீப்பை இழுத்துக்கொண்டு போகப்போகுது!" என்று கத்தினார். றீற்றா கண்ணாடியை இறக்கி, "வந்து பின்னால தள்ளுங்கோவன் அண்ணை" என்றாள்.

ரயில் கடவையில் ஏறி இறங்கும்போது பின்னால் டங்கென்று ஒரு சத்தம். றீற்றா தண்டவாளத்தைத் தாண்டி நிறுத்தினாள். இருவரும் இறங்கவில்லை. கணேசன் ஓடிவந்து குனிந்து பார்த்தான். சங்கிலி தளர்ந்து இரும்பில் அடித்திருக்கிறது, அவ்வளவுதான். அதை இறுக்கிக் கட்டிவிட்டு, கையை அசைத்தான்.

தென்கரைக்கு வந்தபோது காற்றாலைகள் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தன. எங்களுக்குப் பின்னாலேயே இன்னொரு படகை இழுத்துக்கொண்டு சூசை அண்ணையும் வந்து சேர்ந்திருந்தார். "பின்னுக்கு விடு பிள்ளை, தண்ணிக்குள்ள விடு, அன்ரன் விடுறவன்தானே" என்றார். றீற்றா பின்பக்கமாக விட்டாள். ஈர மணல் தொடங்கும் இடத்தில் நிறுத்தி, இயந்திரத்தை அணைத்துவிட்டு இறங்கினாள்.

"இதுக்கு அங்கால இது வராது, அண்ணை."

"பிறகு போட் எப்பிடிப் போறது?"

"ஆக்கள் இருக்கிறியள்தானே."

அவர் ஏதோ முணுமுணுத்தார். பிறகு சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு முதலில் வந்து தோள் கொடுத்தவரும் அவர்தான். பங்காளிகள், அவருடைய தம்பிமார், கணேசன், நான். வயல்காரன் தவறான நேரத்தில் தள்ளுகிறான் என்று எல்லோரும் அவனைப் பேசினார்கள். படகு மணலில் உரசி, தயங்கி, தண்ணீரில் இறங்கியது. அது மிதந்தபோது றீற்றா அங்கே நிற்கவில்லை.

அவள் ஜீப்புக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்தாள். வீட்டுக் கிணற்றிலிருந்து பிளாஸ்டிக் கானில் கொண்டுவந்த நல்ல தண்ணீரைச் சட்டத்தின் மேல்துளையில் ஊற்றினாள். பிறகு தலையை மணலோடு சாய்த்து அடியில் பார்த்தாள். நானும் குனிந்தேன். கீழ்த் துளைகள் வழியாகத் தண்ணீர் வழிந்தது. முதலில் கொஞ்சம் மணல் கலந்து, பிறகு தெளிவாக. அது நிற்கும்வரைக்கும் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். தகரத்தைக் கண்ட அன்று கேட்ட கேள்வியை அவள் மறுபடி கேட்கவில்லை.

ரோசாப்பூத் தகரத்தை அவள் நேராக்கி வைத்திருக்கிறாள். திறப்பு அவளிடம் இருக்கிறது. அதைப்போல இப்போது புதிதாக வெட்டுவித்த ஒன்றை எனக்குத் தந்திருக்கிறாள். ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்து அந்தச் சட்டத்தைத் தட்டிப் பார்ப்பேன், தம்பி. சத்தம் மாறினால் அன்றைக்கே அவளிடம் சொல்வேன்.

எதையும் தட்டிப் பார்க்காமல் நம்பாத,
உன் அக்கா பிலோ